டிரைவர் பிழைச்சுக்குவாரு

ஊருக்கெல்லாம் வெயில் வந்தால் கோடை. படக்காரம்மாவுக்கு அப்படியில்லை. ஆஸ்பத்திரி பஸ் நிறுத்தத்துக்கு எதிரே இருக்கிற நீளச் சுவரில் என்றைக்குப் பழைய போஸ்டரைக் கிழித்துவிட்டுப் புதுசு ஒட்டுகிறார்களோ, அன்றைக்குத்தான் அவளுக்குக் கோடை. அதற்கு முன்னால் எவ்வளவு வியர்த்துக் கொட்டினாலும் அது வெறும் புழுக்கம். அதையெல்லாம் அவள் சேர்த்துக்கொள்ள மாட்டாள்.

படக்காரம்மா என்று கூப்பிட ஆரம்பித்தவர் எலும்பு டாக்டர். எக்ஸ்ரே அறையில் படம் எடுக்கிறவள் ஆயிற்றே, அதனால். வீட்டிலும் தெருவிலும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. காரணம்தான் வேறு. அப்படி ஒரு சினிமாப் பைத்தியத்தை நீங்கள் எங்கேயும் பார்த்திருக்க முடியாது.

"மூச்ச நல்லா இழுங்க. பிடிங்க. ஆடக் கூடாது. ம், விடுங்க" என்று நாள் முழுக்க மற்றவர்கள் மூச்சைப் பிடித்து நிறுத்துகிற வேலை அவளுக்கு. கோடை நெருங்கினால் அவள் மூச்சு அவள் பேச்சைக் கேட்காது. டீ நேரத்தில் ஃபோனை எடுத்து டிரெய்லரைப் போடுவாள். நிறுத்துவாள். பின்னால் தள்ளுவாள். ஹீரோவுக்குப் பின்னால் கதவோரம் நிற்கிற ஆள் யார், அவன் சட்டையில் ஏன் மாவு ஒட்டியிருக்கிறது, ஹீரோயின் அழும்போது ஏன் ஒரு காதில் மட்டும் தோடு இருக்கிறது என்று, எலும்பில் விரிசல் தேடுகிற அதே கண்ணால் தேடுவாள். வரவேற்பு மேஜையில் இருக்கிற பெண் வாயைப் பிளந்துகொண்டு கேட்பாள்.

"இவ்வளவும் இந்தத் துக்கிணியூண்டு டிரெய்லர்லயா இருக்கு?"

"பின்னே? நீ ஹீரோ முகத்தப் பாக்கற. நான் மூலையப் பாக்கறேன்."

சும்மா சொல்லக் கூடாது, அவள் கட்டுகிற கதையில் முக்கால்வாசி தப்பாகத்தான் போகும். அதைப் பற்றி அவளுக்குத் துளிக்கூடக் கவலை கிடையாது. படம் இரண்டரை மணி நேரத்தில் தீர்ந்துவிடும், காத்திருப்பதுதான் மாதக்கணக்கில் ஓடும், எது லாபம் நீங்களே சொல்லுங்கள் என்பாள்.

அவர்கள் வீட்டில் எந்தப் படத்தையும் அதன் பெயரைச் சொல்லிப் பேசுவதில்லை. காரணம் அவள் கணவர். ஃப்ரிட்ஜ் ரிப்பேர் செய்கிற மனுஷன். எந்த ஃப்ரிட்ஜுக்கு எப்போது கேஸ் நிரப்பினார் என்பது தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரும், படத்தின் பெயர் மட்டும் மண்டையில் ஏறாது. "யாரு, அந்த வக்கீல் படமா?" என்றுதான் கேட்பார். ஹீரோ என்ன தொழில் செய்கிறானோ அதுவே படத்தின் பெயர். இந்தக் கோடைக்கு முதலில் வருவது சமையல்காரர் படம். அடுத்து திருடன் படம். அப்புறம் கப்பல் கேப்டன் படம். கடைசியில் ஒரு பேய்ப் படம்.

"பேய்க்கு என்னங்க தொழில்?" என்று அவள் கேட்டால், "ராத்திரி டியூட்டி" என்பார்.

ஆஸ்பத்திரியிலும் இதே கதைதான். ஒரு தடவை ஒரே பெயரில் இரண்டு பேர் வந்து, ஒருத்தர் கைப் படம் இன்னொருத்தர் உறைக்குள் போய், நல்ல கைக்கு மாவுக்கட்டு போடப் பார்த்தார்கள். அன்றோடு எலும்பு டாக்டர் ஆட்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதை விட்டுவிட்டார். தொழிலைச் சொல்லித்தான் கேட்பார். டீச்சர் படம் வந்தாச்சா, தையல்காரர் படம் பாத்தீங்களா என்று கதவோரம் நின்று ஒரு சத்தம். இதை இப்போதே சொல்லி வைக்கிறேன். இதில்தான் ஒரு குடும்பமே கவிழப் பார்த்தது.

படக்காரம்மாவுக்கு ஒரு நாத்தனார். கணவரின் தங்கை. அடுத்த தெருவில் வீடு, கடைத்தெரு பேக்கரியில் கேக் செய்கிற வேலை. அவள் கணவருக்கு வெளியூர் வேலை, மாதத்துக்கு ஒருமுறை தலை காட்டுவார். நாத்தனாரும் அண்ணியும் என்றால் எலியும் பூனையும் என்று நினைப்பவர்கள் இந்த இருவரையும் தியேட்டரில் பார்த்திருக்க வேண்டும். இடித்துக்கொண்டு சிரிப்பதென்ன, ஒரே கைக்குட்டையில் மாற்றி மாற்றி மூக்கைச் சிந்துவதென்ன! கோடையின் முதல் படம், முதல் நாள், முதல் காட்சி. பின்னாலிருந்து நாலாவது வரிசையில் மூன்று இருக்கை. ஓரத்தில் கணவர், நடுவில் அண்ணி, அந்தப் பக்கம் நாத்தனார். ஏசி காற்று மேலே பட்டதும் கணவர் கண் சொருகிவிடும். பையைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும் என்றுதான் அவரை அழைத்துப்போவது. ஒருத்தியை விட்டு ஒருத்தி முதல் படத்தைப் பார்ப்பதில்லை என்பது கல்யாணமான வருஷத்திலிருந்து இருக்கிற பேச்சு.

அந்தப் பேச்சுதான் போன கோடையில் முறிந்தது. எப்படி முறிந்தது என்றுகூட அண்ணிக்குத் தெரியாது. போன வருஷம் முதல் படம் டிரைவர் படம். அன்றைக்குப் பார்த்து பேக்கரியில் பெரிய ஆர்டர் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை போகலாம் அண்ணி என்று சொல்ல நாத்தனார் காலையில் ஆஸ்பத்திரிக்கு ஃபோன் செய்தாள். வரவேற்புப் பெண் எடுத்து, இதோ கூப்பிடறேன் என்று ரிசீவரை மேஜையில் வைத்துவிட்டுப் போனாள். அண்ணி வந்து எடுப்பதற்குள் அந்தப் பக்கம் வைத்தாயிற்று. ஆர்டர் விஷயம் தெரிந்து, அப்போ ஞாயிற்றுக்கிழமை கிளம்பலாமா என்று அண்ணி கேட்டபோது, "எனக்கு இப்பல்லாம் படமே பிடிக்கறதில்ல அண்ணி" என்று ஒரு பதில்.

கேக்கில் சர்க்கரை பிடிக்கவில்லை என்று சொல்வது மாதிரி இருந்தது அது. உடம்பு சரியில்லையா என்று கேட்டாள். இல்லை. நான் ஏதாவது சொல்லிட்டேனா என்று கேட்டாள். சே சே. மற்றபடி பேச்சுவார்த்தைக்கு ஒரு குறையும் இல்லை. பேக்கரியிலிருந்து ரொட்டி வரும், இங்கிருந்து துவைத்த திரைச்சீலை போகும், தண்ணீர் வரவில்லை, வெயில் தாங்கவில்லை என்று எல்லாமும் பேசுவார்கள். படம் என்று வாயெடுத்தால் போதும், நாத்தனார் முகம் ஷட்டர் இறக்கிய கடை மாதிரி ஆகிவிடும். சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது அண்ணிக்கு. சண்டைக்குச் சமாதானம் உண்டு, இதற்கு என்ன செய்வது?

மற்ற படங்களைக் கணவரை இழுத்துக்கொண்டு போய்ப் பார்த்தாள். இடிக்க ஆளில்லாமல் படமா? "இப்ப பாருங்க, அவன்தான் கடத்தினவன்" என்று திரும்பினால் மனுஷன் குறட்டை விட்டுக்கொண்டிருப்பார். டிரைவர் படத்தை மட்டும் அவள் பார்க்கவில்லை. அது இரண்டு பேரும் சேர்ந்து பார்க்க வேண்டிய படம். யாராவது அதன் கதையைச் சொல்ல வந்தால் காதைப் பொத்திக்கொண்டு இருட்டறைக்குள் ஓடிவிடுவாள்.

இதோ மறுபடியும் கோடை. சமையல்காரர் படத்தின் போஸ்டர் சுவர் முழுக்க. வெள்ளிக்கிழமை வெளியீடு. படக்காரம்மா யாரையும் கேட்காமல் அதே வரிசையில் மூன்று இருக்கை பதிவு செய்தாள். வந்தால் வரட்டும், வராவிட்டால் அந்த இருக்கையில் என் பையை வைத்துக்கொள்கிறேன் என்று வீராப்பாகச் சொன்னாள். உள்ளுக்குள், இந்த வருஷமும் அந்த இருக்கை காலியாக இருந்தால் இனி எந்தக் கோடையிலும் அவள் வர மாட்டாள் என்று அடித்துக்கொண்டது. கணவர் தட்டை எடுத்துக் கழுவி வைத்தார். அவரால் முடிந்த ஆறுதல் அவ்வளவுதான்.

அந்த வாரம் திங்கட்கிழமை, பேக்கரியில் அடுப்பிலிருந்து இழுத்த இரும்பு ட்ரே கை நழுவி நாத்தனார் காலில் விழுந்தது. கால் பன் மாதிரி வீங்கிவிட்டது. இதுவரை எலும்பு என்று ஒன்று இருப்பதாகவே நினைக்காத பெண், முதல் தடவையாக அண்ணியின் எக்ஸ்ரே அறைக்குள் ஆட்டோக்காரர் தோளைப் பிடித்துக்கொண்டு நொண்டி வந்தாள்.

"ஐயோ, என்னடி இது?" அண்ணிக்குப் பதறிப்போயிற்று.

"ஒண்ணுமில்ல அண்ணி. கேக் நல்லாருக்கு, கால்தான் போச்சு."

மேஜையில் படுக்க வைத்து, காலைத் திருப்பி வைத்து, ஆடாதே என்று சொல்லிவிட்டுக் கண்ணாடிக்குப் பின்னால் போய்ப் பொத்தானை அமுக்கினாள் படக்காரம்மா. இரண்டாவது படத்துக்குக் காலைச் சாய்த்து வைத்துக்கொண்டிருக்கும்போது கதவோரம் வழக்கமான சத்தம்.

"படக்காரம்மா! சமையல்காரர் படம் பாத்தாச்சா?"

"பாத்தாச்சு டாக்டர்! நடுவுல ஒரு இடம்தான் லேசா சந்தேகமா இருக்கு. மத்தபடி நல்லாத்தான் இருக்கு."

மேஜையில் படுத்திருந்தவள் விருட்டென்று எழுந்து உட்கார்ந்தாள். கால் வலியெல்லாம் எங்கே போனதோ!

"சமையல்காரர் படமா? அது வெள்ளிக்கிழமைதானே வருது!"

"எது?"

"அதான் அண்ணி, சமையல்காரர் படம்! இன்னும் வரவே இல்ல. அதுக்குள்ள எங்க பாத்தீங்க?"

படக்காரம்மா ஒரு கணம் திருதிருவென்று விழித்தாள். அப்புறம் சிரிப்பு வந்தது. "அட லூசு! காலைல ஒரு ஹோட்டல் சமையல்காரர் மணிக்கட்டுல அடிபட்டு வந்தாரு. அவரோட எக்ஸ்ரே படத்தக் கேக்கறாரு டாக்டர். இங்க அப்படித்தான் பேசுவோம். இப்ப உன் படத்தப் பேக்கரி படம்னு சொல்வாரு."

நாத்தனார் சிரிக்கவில்லை. முகம் வெளுத்து, உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப டிரைவர் படம்?"

"எந்த டிரைவர்?"

"போன வருஷம் ஃபோன்ல கேட்டேனே. 'டிரைவர் படம் பாத்துட்டேன் டாக்டர், ஆளு கடைசில பிழைச்சுக்குவாரு'ன்னு நீங்க கத்தினீங்க. முதல் நாள் காலைல! என்ன விட்டுட்டு விடிகாலை ஸ்பெஷல் ஷோவுக்கு நீங்க மட்டும் போய்ப் பாத்துட்டு வந்து, முடிவையும் ஊருக்கே சொல்லிட்டு இருந்தீங்க. என் காதால கேட்டேன்."

படக்காரம்மா அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். நினைவு வந்துவிட்டது. லாரி மோதி, மார்பெலும்பு நொறுங்கி, ஸ்ட்ரெச்சரில் வந்த மனுஷன். படத்தைப் பார்த்ததும் நுரையீரலுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்த சந்தோஷத்தில் அவள் கத்தியது உண்மைதான்.

"அடிப் பாவி! இதுக்கா ஒரு வருஷம் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்ட? அது ஒரு நிஜ டிரைவர்டி! அந்தப் படத்த நான் இன்னி வரைக்கும் பாக்கவே இல்ல!"

"நீங்களா? பாக்காமயா?" நாத்தனார் கசப்பாகச் சிரித்தாள். "போஸ்டர் ஒட்டறவனுக்கு முன்னாடி போய் நிக்கற ஆளு நீங்க. ஒரு வருஷமா ஒரு படத்த விட்டு வச்சீங்களா? யாராவது நம்புவாங்களா, சொல்லுங்க."

உலகத்தில் யாரும் நம்ப மாட்டார்கள்தான். சினிமாப் பைத்தியம் என்று வாங்கிய பெயரே இப்போது கழுத்தைப் பிடித்தது. படக்காரம்மாவுக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. "நம்பாட்டிப் போ!" என்று சொல்லிவிட்டு, பேக்கரி படத்தை டாக்டருக்கு அனுப்பினாள்.

பாதத்தில் மெல்லிய விரிசல். மாவுக்கட்டு. காலைத் தொங்கப் போடவே கூடாது, உயரத்தில் நீட்டி வைத்துத்தான் உட்கார வேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். தனியாக விட முடியாது என்று அண்ணன் போய்த் தங்கையைத் தன் வீட்டுக்கே தூக்கி வந்து சோபாவில் சாய்த்தார். மாவுக்கட்டுக் கால் ஒரு தலையணை மேல். இரண்டு பெண்களும் அளந்து அளந்து பேசினார்கள். தண்ணி வேணுமா? வேணாம். ஃபேன் போதுமா? போதும். நடுவில் கணவர் ஃபேனைப் பார்ப்பதும் கூரையைப் பார்ப்பதுமாக இருந்தார். சமையல்காரர் படத்தைப் பற்றி யாரும் மூச்சு விடவில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் படக்காரம்மா வேலையிலிருந்து வந்தாள். செருப்பைக் கழற்றியவள், கையைக்கூடக் கழுவாமல் டிவி ரிமோட்டை எடுத்தாள்.

"இன்னிக்கு டிரைவர் படம் பாக்கப் போறோம்."

"நான் பாத்ததில்ல. முடிவுதான் தெரிஞ்சு போச்சே, அப்புறம் என்னத்தப் பாக்க?" என்றாள் நாத்தனார், டிவியைப் பார்க்காமல்.

"நானும் பாத்ததில்ல. போடறேன், பாரு."

படம் ஓடியது. மலைப் பாதை, பழைய லாரி, நல்ல மனுஷனான ஒரு டிரைவர். நாத்தனார் திரையைப் பார்த்தாளோ இல்லையோ, அண்ணியின் முகத்தைத்தான் பார்த்தாள். எங்கே கண் இமைக்கிறது, அடுத்து வருவது தெரிந்த மாதிரி எங்கே உதடு அசைகிறது என்று விடாமல் பார்த்தாள். படக்காரம்மாவுக்குத் தானே எக்ஸ்ரே மேஜையில் படுத்திருப்பது போல இருந்தது. திடுக்கிட்டால் நடிக்கிறாள் என்பாள், சும்மா இருந்தால் தெரிந்து வைத்திருக்கிறாள் என்பாள். முதல் அரை மணி நேரம் மூச்சைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

ஆனால் பைத்தியம் எவ்வளவு நேரம்தான் சும்மா இருக்கும்? இடைவேளைக்குள் மறந்தேபோனாள். "அந்தக் கிளீனர்தான் பிரேக்க அறுத்திருக்கான், பாத்துக்கோ!" என்று நாத்தனாரை இடித்தாள். கிளீனர் தங்கமான பையனாக இருந்தான். "அப்ப முதலாளிதான்!" முதலாளி அடுத்த காட்சியில் அழுதுகொண்டே லாரிக்குக் குறுக்கே விழுந்தார். "அப்ப யாருதான்டி அது?" நாத்தனாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டாள்.

கடைசியில் லாரி பள்ளத்தாக்கை நோக்கி ஓடியது. டிரைவர் கிளீனரை வெளியே தள்ளிவிட்டார். லாரி போயே போய்விட்டது. படக்காரம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

"அழாதீங்க" என்றாள் நாத்தனார் அலட்டிக்கொள்ளாமல். "எந்திரிச்சு வருவாரு பாருங்க."

வரவில்லை. மழையில் ஊர்க்காரர்கள் தேடினார்கள். "ஏதாவது மரத்துல தொங்கிட்டு இருப்பாரு." தொங்கவில்லை. அவர் படத்துக்கு மாலை போட்டார்கள். "இது கனவுக் காட்சியா இருக்கும் அண்ணி." பெயர்கள் மேலே ஓட ஆரம்பித்தன. கடைசிப் பெயர் ஓடி, திரை கறுப்பாகும் வரை நாத்தனார் காத்திருந்தாள். பிறகு அவள் முகம் கோணிக்கொண்டு வந்தது.

"பிழைச்சுக்குவாருன்னு சொன்னீங்களே அண்ணி! ஒரு வருஷமா அவரு பிழைச்சுட்டாருன்னுல்ல நெனச்சுட்டு இருந்தேன்!"

சத்தம் கேட்டு நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்த கணவர் அலறி எழுந்தார். "யாரு, யாரு போயிட்டா?"

"டிரைவர்!" என்றார்கள் இரண்டு பேரும் ஒரே குரலில், அழுதுகொண்டே.

"எங்க டிரைவர் பிழைச்சுட்டாருடி" என்றாள் படக்காரம்மா, மூக்கைச் சிந்திவிட்டுக் கைக்குட்டையை நீட்டியபடி. "போன மாசம்கூட வந்து, இப்ப மறுபடி லாரி ஓட்டறேன்னு சொல்லிட்டுப் போனாரு."

நாத்தனார் அதே கைக்குட்டையில் மூக்கைச் சிந்தினாள். "நீங்க நிஜமாவே பாக்கல. பாத்திருந்தா அப்படிச் சொல்லியிருக்கவே மாட்டீங்க." தலையில் அடித்துக்கொண்டாள். "ஒரு வருஷம் அண்ணி! எத்தன படம் போச்சு!"

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டு, நீங்க ஆமான்னு சொல்லிட்டா?" என்றாள் நாத்தனார். "அப்புறம் நான் என்ன பண்றது, சொல்லுங்க. எனக்கு வேற யாரு இருக்கா, இடிச்சுக்கிட்டுப் படம் பாக்க?"

படக்காரம்மா அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். சந்தோஷமாகத்தான் இருந்தது. அழுகைதான் நிற்கவில்லை. நாத்தனாரே மெதுவாகக் கேட்டாள்.

"நாளைக்கு எத்தன மணிக்குக் கெளம்பணும்?"

"கெளம்பறதா? காலத் தொங்கப் போடக் கூடாதுன்னாரே டாக்டர்! மூணு சீட்டுதான் இருக்கு. உன் கால எங்க நீட்டுவ?"

இரண்டு பேரும் ஒரே சமயத்தில் கணவர் பக்கம் திரும்பினார்கள். அவருக்கு விஷயம் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. புரிந்ததும் முகம் அப்படி மலர்ந்தது. "தாராளமா! என் சீட்ட அந்தக் காலுக்கே குடுத்துடுங்க. நான் வீட்டுலயே தூங்கிக்கறேன்."

மறுநாள் பின்னாலிருந்து நாலாவது வரிசையில் ஓரத்தில் அண்ணி, நடுவில் நாத்தனார், அந்தப் பக்கத்து இருக்கையில் கைப்பிடியைத் தாண்டி நீட்டிய மாவுக்கட்டுக் கால். கீழே இரண்டு தலையணை. டிக்கெட் கிழிக்கிறவர் காலையும் பார்த்தார், மூன்று டிக்கெட்டையும் பார்த்தார், மூன்றையும் கிழித்துக் கொடுத்தார். விளக்குகள் ஒவ்வொன்றாக மங்கின. "அந்தப் போலீஸ்காரன்தான் சாப்பாட்டுல எதையோ கலந்திருக்கான், எழுதி வச்சுக்கோ" என்று அண்ணி ஆரம்பித்த நேரம், அவள் ஃபோன் அடித்தது. எலும்பு டாக்டர்.

"படக்காரம்மா, லீவுல தொந்தரவு பண்றேன். அந்தச் சமையல்காரர் படத்த மறுபடி எடுக்கச் சொன்னேனே. பாத்துட்டீங்களா?"

நாத்தனார் ஃபோனை வெடுக்கென்று பிடுங்கினாள்.

"இல்ல டாக்டர், இன்னும் ஆரம்பிக்கவே இல்ல. நாங்க ரெண்டு பேரும் சேந்துதான் பாப்போம்" என்று சொல்லிவிட்டு ஃபோனை அணைத்தாள்.